பாக்சைட் தந்த மலைக்குப் பாதை இல்லை

ஐயா,

ஏற்காடு மலைக் கிராமங்களுக்குத் தார்ச்சாலை போடப்படும் என்று மீண்டும் வாக்குறுதி அளிக்கப்பட்டிருப்பதாகத் தங்கள் நாளிதழில் படித்தேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாக்சைட் என்ற அலுமினியத் தாது பல ஆண்டுகள் மேட்டூர் அலுமினிய உற்பத்திக்குப் போனது. லாரி ஏறி இறங்க அன்று பாதை வெட்ட முடிந்தது; எங்கள் ஊர்ப் பிள்ளைத்தாய்ச்சியை இன்றும் தூளி கட்டித்தான் பேருந்து நிற்கும் இடம்வரை சுமக்கிறோம். மழையில் செம்மண் வழுக்கும். சுமப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரலை ஊன்றி இறங்குவார்கள். இதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அரசு தங்களுடையது என்ற எண்ணம் எப்படி வரும்?

சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கென 2015 கனிமச் சட்டத் திருத்தத்தால் உருவானது மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி. அதன் வரவு செலவை ஊர்வாரியாகக் கிராம சபையில் வாசித்து, மலைப்பாதைகளுக்கு முதலில் ஒதுக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

- மலைக்கிராம வாசகர், ஏற்காடு வட்டம்