பழைய ஆபீஸ் ஆட்களைப் பார்த்தேன்

ஸ்கார்பரோ, கனடா,
23 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்ன அன்று, "பழைய ஆபீஸ்ல இருந்தவங்களுக்கெல்லாம் சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டீர்கள். அம்மாவும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்ததால் "சொல்லணும்ணே" என்று பேச்சை மாற்றிவிட்டேன். நான் சொல்லவில்லை. ஆனால் போன சனிக்கிழமை அவர்களையெல்லாம் ஒரே மண்டபத்தில் பார்த்தேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் எங்கள் கணக்குப் பிரிவில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். காலையில் ஒரு கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள், கால் மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டார்கள். திரும்பி வந்தால் என் கம்ப்யூட்டர் பூட்டியிருந்தது. ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தவர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட விடவில்லை. சரி, அது அந்தக் கம்பெனியின் முறை. சாயங்காலமாவது யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கூப்பிட்டது ஒரே ஒரு ஆள், அந்தப் பிலிப்பைன்ஸ் அக்கா. மற்றவர்கள் என் எலுமிச்சை சாதத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள். யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

பணத்துக்கு ஓரளவு சமாளித்தோம். இங்கே வேலை போனால் அரசாங்கத்தின் காப்பீட்டில் பணம் வரும். நம் சம்பளத்தில் பிடித்ததிலிருந்து தருவதுதான். சம்பளத்தில் 55 சதவீதம் என்று கணக்கு, ஆனால் 2024-இல் வாரத்துக்கு 668 டாலருக்கு மேல் கிடையாது. அதுவும் ஊரின் வேலை நிலவரத்தையும் நாம் வேலை பார்த்த மணிக்கணக்கையும் பொறுத்து 14 முதல் 45 வாரம் வரைதான். வேலை பார்த்தாயா, வேலைக்குப் போகத் தயாராக இருந்தாயா என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இணையத்தில் கேட்பார்கள், பதில் போட வேண்டும். அது ஓடும்வரை வாடகைக்குக் கவலையில்லை. நின்ற பிறகு இவர் சம்பளத்தில் இழுத்துப் பிடித்தோம்.

அதைவிடக் கஷ்டம் மனிதர்களைப் பார்ப்பது. ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலுக்குப் போனால்கூட, செருப்பை விடும் இடத்திலேயே "இப்ப எங்க வேலை?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போக ஆரம்பித்தேன்.

பிலிப்பைன்ஸ் அக்கா மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவார். வேலை கிடைத்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்ன சமைத்தாய், பையனுக்குச் சளி போயிற்றா, அவ்வளவுதான்.

அவர் மகளுக்குப் பதினெட்டு முடிந்ததற்குத்தான் போன சனிக்கிழமை விருந்து. டெபு என்று சொல்கிறார்கள். நம் ஊர்ச் சடங்கு வீடு மாதிரி மண்டபம் பிடித்து, பெண்ணுக்குப் பெரிய கவுன் போட்டு, ஊரையே கூப்பிடுகிறார்கள். 18 ஆண்கள் ஆளுக்கொரு ரோஜாவைக் கொடுத்து அவளோடு ஆடுகிறார்கள். 18 பெண்கள் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றி அவளுக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். அந்தப் பதினெட்டில் ஒருத்தியாக என்னைப் போட்டிருந்தார் அக்கா.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் பார்த்தேன், எனக்குப் போட்டிருந்த மேஜையில் முழுக்கப் பழைய ஆபீஸ்! ஓரத்தில் எங்கள் சூப்பர்வைசர். கோட்டைக் கழற்றாமல் அப்படியே திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் சம்பளப் பிரிவில் இருந்த சீனத்து அக்கா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

உட்கார்ந்த பிறகும் யாருக்கும் பேச்சு வரவில்லை. அவர்தான் என் தட்டில் நூடுல்ஸை அள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். போதும் என்றாலும் விடவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எனக்கு வேலை இருந்தது, உனக்குப் போயிற்று. எந்த முகத்தோடு கூப்பிடுவது?" ஏப்ரலில் இரண்டாவது சுற்றில் அவரையும் நிறுத்திவிட்டார்களாம் அண்ணே. ஐம்பத்தெட்டு வயசு. அவரையும் யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. அந்த மேஜையில் இருந்த மற்றவர்கள் பாதி ஆள் இல்லாமல் முழு வேலையையும் இழுத்துக்கொண்டு, அடுத்தது நானா என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மெழுகுவர்த்தி ஏற்றும்போது அந்தப் பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, "உன் அம்மா ஒரு வருஷம் என்னைத் தனியாக விடவில்லை. உனக்கு அந்த மனசு வரட்டும்" என்றேன். யாரையும் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது மேஜையில் பலர் தலை குனிந்திருந்தார்கள்.

கிளம்பும்போது கோட் மாட்டும் இடத்தில் சூப்பர்வைசர் நின்றார். இங்கே வேலை முடிவாகும் கட்டத்தில், நம்மோடு முன்பு வேலை பார்த்த இரண்டு மூன்று பேரின் பெயரும் போன் நம்பரும் கேட்பார்கள். ரெஃபரன்ஸ் என்பார்கள். மேலதிகாரி பெயர் இருந்தால் பலம். அதற்காக இவருக்கு எழுதிக் கேட்டிருந்தேன், பதிலே வரவில்லை. விட்டுப் போனவர்களைப் பற்றி வேலை பார்த்த தேதியும் பதவியும் தவிர எதுவும் சொல்லக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு என்றார். பொய்யில்லை. வழக்குக்குப் பயந்து பல கம்பெனிகளில் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். "அதையே இரண்டு வரி எழுதியிருந்தால் நான் வேறு ஆளைப் பார்த்திருப்பேனே" என்று நேராகவே கேட்டேன். எழுதியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் முழுசாகப் போகவில்லை. மற்றவர்கள் மேல் போய்விட்டது.

கடைசியில் எனக்காகப் பேசியது பிலிப்பைன்ஸ் அக்காதான். புது மேனேஜர் கூப்பிட்டபோது, வருஷக் கடைசிக் கணக்கை நான் எப்படி முடிப்பேன் என்று வரி வரியாகச் சொன்னாராம். மருமகன் பி.காம். முடித்து இப்போதுதானே வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கூட வேலை பார்ப்பவர்களின் நம்பரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருக்க வேண்டாம், சொந்த போனில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாருக்காவது வேலை போனால் அன்றைக்கே கூப்பிடச் சொல்லுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இங்கே வரும் 2026 ஜனவரி 1 முதல் எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் புதுச் சட்டம். 25 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள் வேலை விளம்பரத்தில் சம்பளத்தைப் போட வேண்டும். கனடாவில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும் என்று கேட்கக் கூடாது. நாங்கள் வந்த புதிதில் எத்தனை கதவு அந்த ஒரு வரியால் மூடியது! இன்டர்வியூவுக்கு வந்தவருக்கு, முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்று 45 நாளுக்குள் சொல்லவும் வேண்டும். பதில் வருமா வராதா என்று காத்துக்கிடந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். சீனத்து அக்காவுக்கு இதையெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் புது ஆபீஸில் சம்பளப் பிரிவுக்கு ஒரு ஆள் தேடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை அவருடைய ரெஸ்யூமேயை மேனேஜர் கையிலேயே கொடுத்தேன். ரெஃபரன்ஸுக்கு என் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால் போனில் சொல்கிறேன்.

மதினி, அம்மாவை முழங்காலுக்கு டாக்டரிடம் காட்டிவிட்டு என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லுங்கள். பணம் இந்த மாதத்திலிருந்து பழையபடி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை