கல்லூரிப் பேருந்து கிளம்பிய பிறகு தொடங்கும் நிகழ்ச்சிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் வாரங்களில் தங்கள் நாளிதழ் உட்படத் தமிழ் நாளிதழ்கள் எல்லாம் கட்-ஆஃப், தரவரிசை, காலியிடம் என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று தெரியாமல் திணறும் குடும்பங்களுக்கு அது பேருதவிதான். ஆனால் இடம் கிடைத்துப் பிள்ளை கல்லூரிக்குள் நுழைந்தபின் அங்கே அவனுக்கு அல்லது அவளுக்கு என்னென்ன உதவிகள் இருக்கின்றன, அவை கைக்கு எட்டும்படி இருக்கின்றனவா என்பதைப் பற்றி ஒரு வரிகூட வரக் காணோம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்தவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கல்லூரிக் கதை பேசுவார்கள். அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதத் தோன்றியது.

சென்ற பொங்கலுக்கு வந்திருந்த ஒரு மாணவியின் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் முதலாண்டு. அண்ணன் பட்டதாரி என்பதால் அவளுக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. படித்தது எங்கள் உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடும், அதனோடு வரும் கட்டண விலக்கும் கிடையாது. தந்தை நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். வருமானச் சான்றிதழில் மூன்று லட்சம் என்று இருந்ததால் இரண்டரை லட்ச வரம்பு வைத்துள்ள உதவித்தொகைகளும் கைவிட்டுப் போயின. மிச்சம் இருந்த பெரிய வழி, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம், அதாவது நாம் ஏ.ஐ.சி.டி.இ. என்று சொல்வது, தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்காக நடத்தும் பிரகதி உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை, ஆண்டுக்கு 50,000 ரூபாய் பெறலாம். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியிலுள்ள பொறுப்பு அலுவலர் சரிபார்த்து அனுப்ப வேண்டும். மதிப்பெண் வரிசைப்படி தேர்வு செய்வதால் இவளுக்குக் கிடைத்தே இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவள், விண்ணப்பிக்கவே இல்லை.

"ஏம்மா, உங்க காலேஜ்ல யாரும் சொல்லலையா?" என்று கேட்டேன். "எந்த மெசேஜும் வரலை சார்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை என்னிடமே கொடுத்துவிட்டாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனோம். அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், இரவு பத்தரைக்கு மேல், ஒரு பி.டி.எஃப். வந்திருந்தது. கோப்பின் பெயர் வெறும் எண்கள். அதற்கு மேலே யாருக்கோ பிறந்த நாள் வாழ்த்துகள் வரிசையாக. அதற்குக் கீழே லேப் ரெக்கார்டை என்றைக்குள் வைக்க வேண்டும் என்ற கேள்விகள். பதிவிறக்கம் செய்யச் சொல்லும் அம்புக்குறி அதன்மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. மூன்று மாதமாக அவள் அதைத் தொடவே இல்லை. திறந்து பார்த்தால் ஏழு பக்கம், முழுக்க ஆங்கிலம், உதவித்தொகையின் பெயர் இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், பட்டப்படிப்பில் முதலாண்டு சேர்ந்தவர்களும் பட்டயம் முடித்து நேரடியாக இரண்டாமாண்டு சேர்ந்தவர்களும் மட்டுமே பிரகதிக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியும். முதலாண்டில் தவறவிட்டால் தவறவிட்டதுதான். நான்கு ஆண்டுக்கும் கணக்குப் போட்டால் இரண்டு லட்சம் ரூபாய்க்கான வாய்ப்பு, திறக்கப்படாத ஒரு கோப்பில் போய்விட்டது.

அதே மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தவறாமல் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்கென்று தொடங்கிய அத்திட்டத்தை அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கியதை அவள் தமிழ்ச் செய்தியில் கேட்டாள். கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒருவர் வகுப்புக்கே வந்து, தமிழில் விளக்கி, பெயர்களை எழுதிக்கொண்டு போனார். இரண்டும் அரசுப் பணம், மாணவி ஒருத்திதான், கல்லூரியும் ஒன்றுதான். ஒன்று வந்து சேர்ந்ததற்கும் மற்றொன்று வராமல் போனதற்கும் காரணம் அறிவித்த விதமே அன்றி வேறில்லை.

வார நிகழ்ச்சிகளின் நிலையும் இதுதான். அவள் கல்லூரியில் 'இவ்வாரம்' என்று ஒரு தாள் திங்கள்கிழமைதோறும் வருகிறது. ஒரு வாரத்துத் தாளை வாங்கிப் படித்தேன். குறை சொல்ல முடியாத தாள். செவ்வாய்க்கிழமை மின்பொறியாளர் சங்க மாணவர் கிளையின் உரை, புதன்கிழமை நிரல் எழுதும் போட்டி, வியாழக்கிழமை ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, வெள்ளிக்கிழமை வேலைவாய்ப்பு வழிகாட்டல். நான்கும் மாலை 3.45 மணிக்கு. வகுப்பு முடிவது 3.20-க்கு, கல்லூரிப் பேருந்து கிளம்புவது 3.40-க்கு. எங்கள் ஊர்ப் பக்கம் வரும் அந்தப் பேருந்தை விட்டால் இரண்டு பேருந்து மாறி வீடு வந்து சேர இரவு எட்டாகிவிடும். ஆகவே விடுதி மாணவர்களும், நகரத்தில் சொந்த வண்டி வைத்திருப்பவர்களும் போகிறார்கள். ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ, அவர்கள் அந்நேரம் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருகிறார்கள். "நிகழ்ச்சி வைத்தால் பசங்க வருவதே இல்லை" என்று கல்லூரிகள் குறைபட்டுக்கொள்வதை நானும் கேட்டிருக்கிறேன். எந்தப் பசங்க, எந்த நேரத்தில் என்று அவர்கள் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நிகழ்ச்சிகள் குறைவு என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால் கூடுதலாகவே நடக்கின்றன. தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவின் அளவுகோல்களில் ஐந்தாவது, மாணவர் ஆதரவும் முன்னேற்றமும். அதற்கு மதிப்பெண் உண்டு என்பதால் படமும் வருகைப் பதிவும் கோப்பில் ஏறுகின்றன. நிகழ்ச்சிக்கு மாணவன் வந்தானா என்பதைவிட, மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் நேராகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கும் இடங்களும் இருக்கின்றன. இது கொஞ்சம் கடுமையான சொல்தான். நன்றாக நடத்தும் கல்லூரிகள் பொறுத்தருள்க.

பாடத்துக்கு வருகிறேன். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதல் பருவத்திலேயே கணிதத் தாள் வருகிறது. கூடவே கணினி நிரலாக்கம் வருகிறது. என் வகுப்பில் திசைவேகம், முடுக்கம், உந்தம், மின்தூண்டல் என்று படித்த பிள்ளை அங்கே வெலாசிட்டி, ஆக்சிலரேஷன், மொமென்டம், இண்டக்‌ஷன் என்று கேட்கும்போது, தெரிந்த பொருளே தெரியாததுபோல் ஆகிவிடுகிறது. வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைக்கு நிரலாக்க ஆய்வகத்தில் முதல் மூன்று வாரமும் விசைப்பலகையில் எழுத்தைத் தேடுவதிலேயே கழிந்துவிடுகிறது. அறிவுக் குறைவால் முதல் பருவத்தில் அரியர் வைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தத் தடுமாற்றத்தில் வைத்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஓர் அரியர் விழுந்ததும் பிள்ளை வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொள்கிறான், பொங்கலுக்குத் திண்ணைக்கும் வருவதில்லை.

இதை உணர்ந்துதான் ஏ.ஐ.சி.டி.இ. தன் 2018-ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டத்தில் மூன்று வார அறிமுகப் பயிற்சியை வைத்தது. பல இடங்களில் அது சிறப்பு விருந்தினர் உரைகளாகக் கழிந்து விடுகிறது. அந்த மூன்று வாரத்தில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் கலைச்சொற்களை இரு மொழியிலும் பழக்கினால் போதும். என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் காப்பிக் காசுகூட வாங்காமல் வந்து நடத்தித் தருவோம். தொடர்ந்து வாரந்தோறும் இரண்டாமாண்டு அக்கா, அண்ணன்மார் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வகுப்பு இருந்தால், அது எந்தச் சிம்போசியத்தையும்விடப் பயன்படும். ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட பொறியியல் பாடநூல்கள் தமிழிலும் இருக்கின்றன, இ-கும்ப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்று என் மாணவர்களிடம் சொன்னபோது, வந்திருந்த ஐவரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மென்டார் என்று சுமார் இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியரைப் பல கல்லூரிகள் நியமிக்கின்றன. நல்ல ஏற்பாடு. நேர அட்டவணையில் அதற்கென ஒரு மணி நேரமும் இருக்கிறது. ஆனால் சிலபஸ் முடிக்காத ஆசிரியர் யாராவது அந்த நேரத்தை வாங்கிக்கொள்வார்; அப்படி வாங்காத வாரத்தில், வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போனவர்களின் பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்வதோடு மென்டாரின் வேலை முடிந்துவிடும். அந்த ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தலையில் எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும்.

மனநல உதவியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று உத்தரவிட்டிருக்கிறது. டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை உள்ளிட்ட உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் பொது இடங்களிலும் பெரிய, தெளிவான எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. 14416 என்ற அந்த எண்ணை நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடத்துகிறார்கள். இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். எண்ணை எழுதி வைப்பது ஒரு நாள் வேலை. ஆலோசகரை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரு கல்லூரியில் ஆலோசகர் அறை முதல்வர் அறைக்கு அடுத்த அறை. வெளியே நான்கு நாற்காலி. "அங்க போய் உட்கார்ந்தா நாளைக்கு மொத்த கிளாஸும் என்னாச்சுன்னு கேட்கும் சார்" என்றான் ஒரு பையன். நூலகத்தின் மாடிக்கோ, உடற்கல்வி அறைப் பக்கமோ அதை மாற்றினால் போகிறவர்கள் போவார்கள்.

கல்லூரி நிர்வாகங்களிடமும் அண்ணா பல்கலைக்கழகத்திடமும் நான் கேட்பது செலவில்லாத ஒன்று. வாரந்தோறும் திங்கள்கிழமை காலை முதல் மணி அடிக்கும் முன் ஒரே ஒரு தாள், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம், வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அதில் நிகழ்ச்சிகளைவிட மேலே, அந்த மாதம் முடியும் உதவித்தொகைகளின் கடைசி நாளும், யாருக்குப் பொருந்தும் என்பதும், எந்த அறையில் எந்த அலுவலரைப் பார்க்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கடைசிப் பாடவேளையை நிகழ்ச்சிகளுக்கென்று ஒதுக்கி, பேருந்து கிளம்பும் முன் முடித்துவிட வேண்டும். அந்த நேரத்தைச் சிலபஸுக்காக யாரும் கேட்கக் கூடாது. ஆங்கிலத்தில் போட்டால்தானே பிள்ளைகள் ஆங்கிலம் பழகுவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். ஆங்கிலம் பழகட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் இரண்டு லட்ச ரூபாய் போகிற இடத்தில் வைத்தா அந்தப் பாடத்தை நடத்துவது? 2010 முதல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழிலேயே நடத்திக் காட்டிய பல்கலைக்கழகத்துக்கு ஒரு தாளைத் தமிழில் அச்சடிப்பது பெரிய காரியம் இல்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். கலந்தாய்வு முடிந்ததும் பொறியியல் செய்திகளை நிறுத்திவிடாமல், உதவித்தொகை விண்ணப்பங்கள் நடக்கும் மாதங்களில் வாரம் ஒரு நாள் அரைப் பத்தி இடம் ஒதுக்கி அவற்றின் கடைசித் தேதிகளைத் தமிழில் வெளியிட வேண்டும். எங்கள் ஊரில் அந்தப் பெண்ணின் தந்தை மண்டியில் தினமும் தங்கள் நாளிதழைத்தான் படிக்கிறார். அவளுடைய தங்கை இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. அவளும் பொறியியல்தான் படிப்பேன் என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
செய்யாறு, திருவண்ணாமலை மாவட்டம்.