உன் மச்சினர் கடைக்கு வந்த சங்கிலி

அன்புள்ள சீனு,

படங்கள் கிடைத்தன. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். விஷயம் அதற்குள் அடங்காது போலிருந்தது, அதனால் கடிதம். முதல் வேலையாக மச்சினரிடம் சொல்லி அந்தப் பழைய பாக்கெட் கடிகாரச் சங்கிலியை உருக்கப் போடாமல் நிறுத்தி வை.

உரைகல்லில் தேய்த்துவிட்டு "பாதிக்கு மேல் செம்பு, இதையெல்லாம் தங்கம் என்று கொண்டுவருகிறார்கள்" என்று அவர் சலித்துக்கொண்டதில் தப்பே இல்லை. 916 பார்த்துப் பழகிய கண் அது. ஆனால் இங்கிலாந்தில் 1854-இல் சட்டம் போட்டே 9 காரட்டை அனுமதித்தார்கள். ஆயிரத்தில் 375 பங்குதான் தங்கம். கடிகாரச் சங்கிலிக்கு அது பொருத்தமும்கூட. நாள் முழுக்க வளையத்தோடு வளையம் உரசுகிற சாமான். 22 காரட்டில் செய்திருந்தால் சீக்கிரமே தேய்ந்து இளைத்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு வளையத்திலும் 9, .375 என்று பொடியாகக் குத்தியிருக்கிறது. ரோல்டு கோல்டாக இருந்தால், வளையங்கள் உரசும் இடத்தில் மேல்பூச்சு போய் உள்ளே பித்தளை நிறம் தெரியும். இதில் தெரியவில்லை. டி வடிவக் கம்பியில் ஒரு நங்கூரம் இருக்கிறதே, அது எங்கள் ஊர் முத்திரை. பர்மிங்காமில் 1773 முதல் வெள்ளியையும் 1824 முதல் தங்கத்தையும் சோதித்து முத்திரை குத்துகிறார்கள். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்!

இந்த வகைக்கு ஆல்பர்ட் சங்கிலி என்று பெயர், விக்டோரியா ராணியின் கணவர் பெயரால். உன்னிடம் இருப்பது டபுள் ஆல்பர்ட். டி கம்பியை வெயிஸ்ட்கோட்டின் பொத்தான் துளையில் குறுக்கே மாட்டினால் சங்கிலி இரண்டு பக்கமும் தொங்கி, இரண்டு பாக்கெட்டுக்குள் போகும். நடுவில் பெரிய வளையம், ஓரத்துக்குப் போகப் போகச் சிறியது. நுனியில் இருக்கும் கொக்கி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தாலும் சங்கிலி முறுக்கிக்கொள்ளாது. ஒரு பாக்கெட்டில் கடிகாரம். சரி, இன்னொரு பாக்கெட்டில்?

அங்கேதான் எனக்குச் சுவாரஸ்யமே. மச்சினர் பொடி டப்பா என்று நினைத்த வட்டமான தட்டை டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கும் தட்டை விரலால் அழுத்திப் பார். அடியில் ஸ்பிரிங் இருக்கும். அது சவரன் என்னும் இங்கிலாந்துத் தங்கக் காசு வைக்கும் டப்பா. சவரன் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமுக்கினால் விளிம்புக்கு அடியில் நின்றுகொள்ளும். கட்டைவிரலால் தள்ளினால் மேலே இருக்கும் காசு மட்டும் வெளியே வரும். 22 காரட், 7.98 கிராம் காசைச் சில்லறை போலத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! 1914-இல் போர் வந்ததும் அரசாங்கம் காகித நோட்டை இறக்கித் தங்கக் காசைப் புழக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டது. அத்தோடு டப்பாவுக்கும் வேலை போனது.

சிவப்புக் கல் பதித்த தொங்கலில் எழுத்து தலைகீழாக வெட்டியிருக்கிறது என்றாயே, அது அரக்கு முத்திரை. 1840-க்கு முன்னால் இங்கே தபால் கட்டணத்தைத் தாள் கணக்கில் வாங்கினார்கள். உறை போட்டால் அதுவும் ஒரு தாள். அதனால் கடிதத்தையே மடித்து அரக்கு உருக்கி முத்திரை வைப்பார்கள். தாள் கணக்கு போய் ஒரு பென்னித் தபால் வந்தது, அப்புறம் பசை தடவிய உறை வந்தது. முத்திரை வெறும் அலங்காரமானது. ஆனாலும் அதைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. சங்கிலியில் ஏறிய சாமான் லேசில் இறங்காது போல.

சதுரத் துளை உள்ள குட்டிச் சாவி கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க. தலையில் இருக்கும் திருகைச் சுற்றி முடுக்கும் கடிகாரம் பரவலாகும் வரை சாவி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அதில் ஒரு ரகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தப்பான பக்கம் திருப்பினால் உள்ளே பிடிக்காமல் வழுக்கிவிடும், கடிகாரத்துக்குச் சேதமில்லை. இரவு தள்ளாடி வீடு திரும்புகிறவரை மனசில் வைத்து அதற்குக் குடிகாரச் சாவி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உன்னுடையது அந்த ரகமா என்று திருப்பிப் பார்த்துச் சொல்.

தீக்குச்சி டப்பா, சுருட்டு வெட்டி, இழுத்தால் நீளும் பென்சில், குட்டித் திசைகாட்டி எல்லாம்கூடத் தொங்கவிட்டார்கள். தீக்குச்சி டப்பா அலங்காரத்துக்கு இல்லை. எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும் குச்சியைச் சும்மா பாக்கெட்டில் போட முடியுமா? அடிப்பக்கம் வரிவரியாக இருக்கும், அதில்தான் கிழிப்பார்கள்.

முதல் உலகப் போர்க்காலத்தில் கைக்கடிகாரம் பரவி, அப்புறம் வெயிஸ்ட்கோட்டும் அருகிப்போய், சங்கிலி பெட்டிக்குள் போனது. இப்போது இங்கே பெண்கள் டி கம்பி முன்னால் தெரியும்படி கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள், பார்க்க நன்றாகவே இருக்கிறது. வியாபாரிகள்தான் சங்கிலி தனி, டப்பா தனி, முத்திரை தனி என்று பிரித்துப் பிரித்து விற்கிறார்கள். எனக்கு அதில்தான் கோபம். மச்சினர் அவர் விலைக்கு விற்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் முழுசாக விற்கச் சொல். எடைக்குப் போட்டால் கிடைப்பதைவிடக் கூடவே கிடைக்கும் என்பது என் கணிப்பு.

நங்கூரத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். அதை வைத்து வருஷம் கண்டுபிடிக்கலாம். பகல் வெளிச்சத்தில், மொபைலை ஆட்டாமல் ஒரு படம் எடுத்து அனுப்பு. பாலிஷ் மட்டும் போட விடாதே, எழுத்து அழிந்துவிடும்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் தையில் ஊருக்கு வருகிறாள், குன்னூருக்கும் வருவாள். தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே?

அன்புடன்,
மூர்த்தி