துப்பறியும் நாவலில் கடைசிப் பாரம் இல்லை: மாற்றுப் பிரதி கோரிப் புகார்

பெறுநர்: குறைதீர் அலுவலர்
அனுப்புநர்: ஆர்டரில் உள்ள கல்லிடைக்குறிச்சி முகவரிக்காரர்

ஐயா,

உங்கள் இணையக் கடையில் 380 ரூபாய்க்கு ஒரு துப்பறியும் நாவல் வாங்கினேன். ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு மருந்துக் கம்பெனி. தலைமைக் கணக்கர் இருபத்திரண்டாம் மாடியில் செத்துக் கிடக்கிறார். அவருடைய நுழைவு அட்டையோ சாயங்காலம் 7 மணிக்கே வாசலைத் தாண்டிவிட்டதாகப் பதிவு. நல்ல முடிச்சு. 256-ஆம் பக்கத்தில் துப்பறிவாளர் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துகிறார். எதிர்ப் பக்கத்தைப் பார்த்தால் மறுபடி 241! செத்தவரின் மனைவி திரும்பவும் காபி போடுகிறார். அது 256 வரை ஓடி, அப்புறம் பின்னட்டை.

நான் பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பைண்டிங் வேலை பார்த்தவன். பாரம் என்றால் அச்சடித்து மடித்த ஒரு பெரிய தாள்; இந்தப் புத்தகத்தில் பாரத்துக்கு 16 பக்கம். பக்கத்தின் அடியில் பொடியாகப் பாரம் எண் இருக்கும், பாருங்கள்: 16, மறுபடியும் 16. பதினேழு வரவே இல்லை. எங்கள் மேஸ்திரியாக இருந்தால், "ஏலே, எண்ணைப் பாத்து அடுக்குலே" என்று அன்றைக்கே முதுகில் ஒன்று வைத்திருப்பார்.

சரி, தவறு யாருக்கும் வரும். மின்னஞ்சல் அனுப்பினேன். உறை பிரித்த புத்தகத்தைத் திரும்பப் பெற இயலாது என்று பதில். உறையைப் பிரிக்காமல் பாரம் எண்ணும் வித்தை எனக்குத் தெரியாது. போன் செய்தேன். எடுத்த தம்பி ஆறுதலாகச் சொன்னார்: "சார், அந்த நிதி மேலாளர்தான் கொலை பண்ணினது. இனிமே அந்தப் பக்கம் எதுக்கு சார்?"

இதற்கு எந்தப் பிரிவில் புகார் எழுதுவது? கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. செத்தவரின் அட்டை எப்படி வெளியே போனது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

2020-ஆம் வருஷத்து மின்வணிக விதிப்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைப்பேன், திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

முழுப் பிரதி ஒன்று அனுப்புங்கள். பழையதை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். என் மனைவியும் இதைத்தான் படிக்கிறாள், இப்போது 180-ஆம் பக்கத்தில் இருக்கிறாள். நிதி மேலாளர் ரொம்ப நல்லவர் என்று நேற்றுகூடச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் 256-க்கு வருவதற்குள் பிரதி வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்