வீட்டை மாத்திக்கிட்டா லாட்ஜ் செலவு மிச்சம்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

மே மாசம் ஊட்டி, கொடைக்கானல்ல ரூம் வாடகை எகிறிடுதுன்னு உங்க பேப்பர்ல ஒரு வாசகர் புலம்பியிருந்தார். நியாயம்தான். நாங்க ரெண்டு வருஷமா அதுக்கு ஒரு வழி பண்ணிட்டிருக்கோம், தெரிஞ்சவங்க வீட்டுல நாங்களும் எங்க வீட்டுல அவங்களும் மாத்தித் தங்கிக்கிறது, சொல்லலாம்னு தோணுச்சு.

எங்களுக்கு ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபம் ரோடு பக்கம் வீடு. எங்க வீட்டுக்காரரோட பழைய ஆபீஸ் ஃப்ரெண்ட் குன்னூர்ல இருக்கார், அவர் சம்சாரத்துக்கு ராப்பத்துல (வைகுண்ட ஏகாதசியில ஆரம்பிக்கிற பத்து நாள் உற்சவம்) எங்க ஊர் நம்பெருமாளை சேவிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா சொர்க்கவாசல் சமயத்துல இங்க லாட்ஜ் கிடைக்குமா என்ன? எங்களுக்கோ அந்தக் கூட்டம்னாலே உதறல் (பெருமாள் கோச்சுக்க மாட்டார்), அந்த வாரம் பொண்ணு வீட்டுக்கு பெங்களூரு ஓடிடுவோம். அப்போ அவங்க எங்க வீட்டுல. மே மாசம் அவங்க சென்னைல பையன்கிட்ட போறப்ப நாங்க குன்னூர்ல. பத்து பைசா கை மாறல.

ஒரே நாள்ல மாத்திக்கணும்னு அவசியமே இல்ல, இதுதான் நிறைய பேருக்குத் தெரியல. வெளிநாட்டுல 1953-லயே இதுக்குன்னு சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க, ஐரோப்பாவுல வாத்தியாருங்க சேர்ந்து ஆரம்பிச்சது, லீவு நிறைய சம்பளம் கம்மி வேற என்ன பண்ணுவாங்க பாவம். இப்ப ஹோம் எக்ஸ்சேஞ்ச் மாதிரி சைட்டுல பாயிண்ட் முறை இருக்கு, உங்க வீட்டுல யாரோ தங்கினா பாயிண்ட் சேரும், அதை வெச்சு நீங்க வேற யார் வீட்டுலயோ தங்கலாம். ஆனா என்னைக் கேட்டா முதல் தடவை தெரிஞ்சவங்களோட பண்ணுங்க, அதுவும் மூணு நாலு நாள் போதும். வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அப்பார்ட்மென்ட்னா செக்ரட்டரிக்கும் வாட்ச்மேனுக்கும். நகை, பத்திரம் எல்லாம் ஒரு ரூம்ல வெச்சுப் பூட்டிட்டா போச்சு, இதுல சங்கடப்பட ஒண்ணுமில்ல, அவங்களும் பூட்டித்தான் வெச்சிருந்தாங்க. நீலகிரிக்கு கார்ல போறவங்க இ-பாஸ் எடுத்துக்கோங்க, 2024 மே மாசத்துல கொண்டு வந்தது.

உண்மையான வேலை என்னன்னா வீட்டைப் பத்தி எழுதி வைக்கிறது. முதல் வருஷம் நான் வாயால சொல்லிட்டு வந்துட்டேன். அவங்க மோட்டாரைப் போட்டுட்டு கோயிலுக்குப் போயிட்டாங்க, பக்கத்து வீட்டு மாமி பெங்களூருக்கு போன் பண்ணி உங்க மாடியில அருவி கொட்டுதுங்கறாங்க. தப்பு என் மேலதான், இருபது நிமிஷத்துல டேங்க் நிறைஞ்சிடும்னு நான் சொல்லவே இல்லையே. குன்னூர்ல கேட்டுகிட்ட காட்டெருமை வரும், ராத்திரி வெளிய போகாதீங்கன்னு சொன்னவங்க குரங்கைப் பத்தி சொல்ல மறந்துட்டாங்க, சமையக்கட்டு ஜன்னல் வழியா ஒரு சீப்பு வாழைப்பழம் போச்சு.

இப்ப நாற்பது பக்க நோட்டு ஒண்ணு ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. மோட்டார் சுவிட்ச் எது, சிலிண்டருக்கு யாருக்கு போன் பண்ணணும், பால்காரர் எத்தனை மணிக்கு வருவார்னு எல்லாம் இருக்கு. போன மார்கழி முடிஞ்சு வந்து பார்த்தா கடைசி பக்கத்துல அவங்க கையெழுத்து: "அக்கா, மிக்ஸி மூடி லூசா இருக்கு, சட்னி அரைக்கும்போது அமுக்கிப் பிடிச்சுக்கணும், அதையும் எழுதி வைங்க."

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்.