செயலாளர் ஆண்டறிக்கை: ஹெஸ்பர்க் நூலகம் போய் வந்தது

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், கோடை விளையாட்டு, ஞாயிறு தமிழ் வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல விரும்புவது, வகுப்புப் பிள்ளைகளை நோட்ர டேம் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கூட்டிப்போனதைப் பற்றி.

இங்கே அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடம் ‘டச்டவுன் ஜீசஸ்’. 134 அடி உயரம், 68 அடி அகலத்தில் கிரானைட் சுவர்ச்சித்திரம். கைகளை உயர்த்திய இயேசு, தெற்கே இருக்கும் அமெரிக்கக் கால்பந்து மைதானத்திலிருந்து பார்த்தால், நடுவர் இரு கைகளையும் தூக்கி டச்டவுன், அதாவது புள்ளி கிடைத்தது என்று காட்டுவது போல இருப்பார். முன்னால் இருக்கும் தண்ணீரில் அந்தக் கைகள் ஆடுவதைப் பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சரி, கட்டடத்தின் உண்மையான பெயர் என்ன என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

அருட்தந்தை தியோடர் ஹெஸ்பர்க் 1952 முதல் 1987 வரை, 35 ஆண்டுகள் இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர். 1972-ல் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது அவர் காலத்தில்தான். நூலகம் திறந்தது 1963-ல். ஓய்வு பெற்ற 1987-ல் அதற்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பெயர் வைத்த பிறகும் அவர் அந்தக் கட்டடத்தை விட்டுப் போகவில்லை. அதுதான் என் மனதைத் தொட்டது. 13-ஆவது மாடியில் அவர் அலுவலகம். வயதான காலத்தில் பார்வை போய்விட்டது. இத்தனை புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு வரிகூடப் படிக்க முடியாத நிலை! மாணவர்கள் வந்து நாளிதழ் வாசித்துக் காட்டுவார்கள். 2015-ல், 97 வயதில் காலமானார்.

திரும்பும் வழியில் நகர மையத்தில் இறங்கினோம். 1964-ல் சிகாகோவில் நடந்த குடிமை உரிமைக் கூட்டத்தில் அவரும் மார்ட்டின் லூதர் கிங்கும் கைகோத்து நின்ற காட்சி அங்கே சிலையாக இருக்கிறது. சின்னவள் ஒருத்தி கோத்த கைகளின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளிலும் கண் மங்கிய தாத்தா, பாட்டிகள் இருக்கிறார்கள். வரும் ஆண்டில் வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்துப் போய் அவர்களுக்குத் தமிழ் வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்கிறோம். விருப்பமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள்.