பையப் பைய ஏற்றியவர்களுக்கு

மதுரை பெரியாஸ்பத்திரி ஐ.எம்.சி.யூ. என்கிற தீவிர சிகிச்சைப் பிரிவிலும், பிறகு பெண்கள் மெடிக்கல் வார்டிலும் எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர்களுக்கும், அவர்களோடு நின்ற எல்லோருக்கும்,

வணக்கம்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு நான் கொண்டுவந்த மல்லிகையை நீங்கள் வாங்கவில்லை. "வார்டுக்குள்ள பூ வேண்டாம்ணே, மூச்சுத் திணறல் பேஷண்ட்டுங்க இருக்காங்க" என்றீர்கள். பெயரையும் எங்கேயும் போட வேண்டாம் என்றீர்கள். பூவும் இல்லாமல் பெயரும் இல்லாமல் எப்படி நன்றி சொல்வது என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். ஊர் செக்கானூரணிப் பக்கம். அம்மாவுக்கு 67 வயது. பல வருஷமாக பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை. இந்தச் சித்திரை வெயிலில் மூன்று நாள் வாந்தியும் பேதியும். பிரஷர்காரருக்கு உப்பு ஆகாது என்று உப்பில்லாத கஞ்சி கொடுத்தோம். உடம்பு காய்ந்துவிடக் கூடாதென்று செம்பு செம்பாகப் பச்சைத் தண்ணீர் கொடுத்தோம். மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுத்தோம். பாசத்தில் செய்ததுதான் எல்லாம். ஆனால் மூன்றும் சேர்ந்து ரத்தத்தில் இருந்த உப்பை இறக்கிவிட்டன. மூன்றாம் நாள் காலையில் அம்மா என்னை, செத்துப்போன எங்கள் மாமா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வெயில் மயக்கம் என்று நினைத்து மறுபடியும் தண்ணீர்தான் கொடுத்தோம்.

அன்று மீனாட்சியம்மன் தேரோட்டம். சாயங்காலம் நாலு மணி வாக்கில் அம்மாவுக்கு வலிப்பு வந்தது. நான் ஓடிப்போய் பீரோ சாவியை எடுத்து அவர் கையில் திணித்தேன். இழுப்பு நின்றதும், நினைவு திரும்பும் முன்பே, தலையைத் தூக்கி வாயில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். அந்தத் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விட்டது. அம்மாவின் வலது பக்க நுரையீரலில் சளி கட்டியது அதனால்தான். இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், படிக்கிற யாராவது ஒருவர் வீட்டில் அந்த டம்ளர் கீழே வைக்கப்படட்டும் என்பதுதான்.

108 வண்டியில் வந்த தம்பிதான் முதலில் சரியானதைச் செய்தார். அம்மாவை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார், வாயில் வழிந்ததைத் துடைத்தார், ஆக்சிஜன் மாட்டினார், வலிப்பு எத்தனை நிமிஷம் இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வண்டி ஓட்டிய பைலட் தம்பி, மதுரையே தெருவில் நிற்கிற நாளில், எந்தச் சந்தில் புகுந்து எப்படிக் கோரிப்பாளையத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் இருவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

ராத்திரி ஏழு மணிக்கு ரத்தப் பரிசோதனை வந்தது. ரத்தத்து உப்பான சோடியம் 135-லிருந்து 145-க்குள் இருக்க வேண்டுமாம். அம்மாவுக்கு 109. உப்பு கூடுதலாக உள்ள டிரிப்பை டாக்டர் எழுதிக் கொடுக்க, சிஸ்டர் ஒருவர் மெஷினில் அளவு வைத்து ஏற்றத் தொடங்கினார். நான் அவரிடம் போய், "சீக்கிரமா ஏத்துங்க சிஸ்டர், காசு ஆனாலும் வெளியில வாங்கித் தர்றேன்" என்று கெஞ்சினேன். அப்போது அவர் சொன்னது:

"ஏத்துறது எங்களுக்குக் கஷ்டம் இல்லண்ணே. பையப் பைய ஏத்துறதுதான் கஷ்டம்."

அந்த அவசரத்திலும் நின்று விளக்கினார். உப்பு இறங்கினால் தண்ணீர் மூளைக்குள் புகுந்து வீங்க வைக்கும், வலிப்பு அதனால்தான். மூளை அந்தக் குறைவுக்கு மெல்லப் பழகியிருக்கும்போது உப்பைத் தடாலென்று ஏற்றினால், நரம்பின் மேலுறை கெட்டுப்போகும். இரண்டு மூன்று நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்து, பிறகு பேச்சு போகலாம், விழுங்க முடியாமல் போகலாம், கைகால் விழலாம். அம்மாவுக்கு 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏறக் கூடாது என்று டாக்டர் எல்லை போட்டிருந்தார்.

இனி அந்த ராத்திரியைப் பற்றி. மறுநாள் விடிந்தால் அழகர் வைகையில் இறங்குகிறார். ஆஸ்பத்திரிக்கு வெளியே ஊர் முழுக்க விழித்திருக்கிறது, தூரத்தில், அழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவைக் கொட்டுச் சத்தம். உள்ளே அந்த சிஸ்டர் குனிந்து மூத்திரப் பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவுக் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். மணிக்கொரு தடவை அளந்து சார்ட்டில் எழுதினார். போன டிரிப் எவ்வளவு, ஊசி மருந்தோடு கலந்து போன தண்ணீர் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு. நான் கிராம் கணக்கில் பிழைக்கிறவன். முகூர்த்த நாளில் நூறு கிராம் மல்லிகை குறைந்தால் சண்டை போடுகிறவன். ஆனால் அப்படி ஒரு கணக்கை நான் எழுதியதே இல்லை.

பத்து மணி வரை மணிக்கு 30, 40 மில்லிதான் வந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்கு ஒரே மணி நேரத்தில் 350 மில்லி. அதுவும் பச்சைத் தண்ணீர்போல நிறமில்லாமல். நான் அங்கே நின்றிருந்தால், "அப்பாடா, நல்லா நீர் போகுது" என்று சந்தோஷப்பட்டிருப்பேன். சிஸ்டர் உடனே டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார். உடம்பு இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்த தண்ணீரைத் திடீரென்று விடத் தொடங்கினால், நாம் ஏற்றாமலேயே உப்பு மளமளவென்று ஏறிவிடுமாம். மூன்று மணிக்கு ரிசல்ட்: 116. எட்டு மணி நேரத்தில் 7 ஏறிவிட்டது. நாள் முழுக்கவும் அனுமதி 8 தான். டாக்டர் வந்தார், உப்பு டிரிப் நின்றது, குளுக்கோஸ் தண்ணீர் ஏறியது. மறுநாள் ராத்திரி ஏழு மணிக்கு 117.

அம்மா இன்று வாய்திறந்து பேசுகிறார், தானே விழுங்குகிறார் என்றால், இரண்டு மணிக்கு ஒருவர் அந்தப் பையின் நிறத்தைப் பார்த்ததால்தான். டாக்டர்களுக்கும் நன்றி, மனசார. அவர்களை எழுப்பியது நீங்கள்.

நெஞ்சுச் சளிக்கு நீங்கள் பட்ட பாடு தனி. ஆக்சிஜன் மாஸ்க்கோடும் முதல் நாள் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88, 89 என்று காட்டிக்கொண்டிருந்தது. தலைப்பக்கம் கட்டிலை எப்போதும் உயர்த்தியே வைத்தீர்கள். நான் தெரியாமல் இறக்கிவிட்டபோது ஒருவர் ஓடி வந்து மறுபடி உயர்த்தினார், திட்டவில்லை. சளியை மெஷினில் உறிஞ்சி எடுத்தீர்கள், வாயை வேளாவேளைக்குத் துடைத்தீர்கள், இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைத்தீர்கள். பன்னிரண்டு நாளில் அம்மா முதுகில் ஒரு சிவப்புகூட இல்லை. அந்தப் புரட்டலில் பாதி பாரம் ஆயாம்மாக்கள் தூக்கியது. "ஏத்தா, கொஞ்சம் திரும்பிக்க" என்று அவர்கள் சொல்லும் குரலை நான் மறக்க மாட்டேன்.

மூக்கு ட்யூபை எடுத்த அன்று நான் இட்லி வாங்கி வந்துவிட்டேன். நீங்கள் தடுத்தீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் களகளவென்று மாறுகிறதா என்று காத்திருந்து பார்த்தீர்கள். முதல் இரண்டு நாள் கேப்பைக்கூழ் பதத்தில்தான் சாப்பாடு, தாடையைத் தாழ்த்தி, ஒவ்வொரு வாயாக. மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து கருவியை அம்மா ஊதிக்கொண்டிருந்தபோது, "அப்பத்தா, ஊதக் கூடாது. உறியணும், பதநி உறிஞ்சுற மாதிரி" என்று உங்களில் ஒரு சின்னப் பிள்ளை சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பந்து மேலே போனது.

அந்தச் சின்னப் பிள்ளைதான் தினமும் வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார், கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார், பெயர், ஊர், மாதம் கேட்பார். நினைவு எவ்வளவு தெளிவு என்று பார்க்க, கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15 மார்க் என்று எனக்குச் சொன்னார். அம்மா முதல் நாள் 9. மூன்றாம் நாள், என்ன மாசம் என்று கேட்டதற்கு, "ஆடி" என்றார் அம்மா. நான் வராந்தாவில் போய் அழுதேன். ஐந்தாம் நாள் அவர் கேள்வியை மாற்றினார். "அப்பத்தா, இப்ப மதுரையில என்ன விசேஷம்?" அம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "சித்திரைத் திருழா. அழகர் எறங்கிட்டாரா தாயி? என்ன பட்டு கட்டி எறங்கினாரு?" அன்று சார்ட்டில் 15.

பக்கத்துக் கட்டில் மேலூர்க்காரம்மாவுக்கும் நன்றி. எனக்கு மூன்று வேளை சோறு பங்கிட்டது அவர் மகள்தான்.

நீங்கள் சொன்னபடியே நடக்கிறோம். பழைய மாத்திரைக்குப் பதில் டாக்டர் எழுதியது. சமையலில் உப்பு குறைவு, ஆனால் உண்டு. பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், முழுப் பொட்டலமும் அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், கண்ணளவு கிடையாது. எங்கள் தெருவில் வலிப்பு வரும் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் வீட்டுக்குப் போய், இரும்பு வேண்டாம், வாயில் எதுவும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108 என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரப் பரிசோதனையில் சோடியம் 136. அடுத்த வியாழக்கிழமை ரெவ்யூவுக்கு அம்மா நடந்தே வருவார். அந்தச் சின்னப் பிள்ளை எந்த டியூட்டி என்று விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். பட்டு என்ன நிறம் என்று அன்றைக்கு அவர் சொல்லவே இல்லையாம்.

என்றும் நன்றியுடன்,
செக்கானூரணிப் பக்கத்துப் பூக்கடைக்காரனும், அவன் அக்கா தங்கச்சிகளும்